ஆயில் எங்கிருந்து வருகிறது? 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றின் கசிவு ஆய்வு

ஆயில் ஒழுகும் பழைய கார் ஒர்க்ஷாப்புக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு தீர்ப்பையும் கூடவே கொண்டுவரும். இந்த எம்ஜிபி கொண்டுவந்த தீர்ப்பு, "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும்" என்பது. வேறொரு ஒர்க்ஷாப்பில் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சொட்டு தொங்கும் இடமும் ஆயில் வெளியேறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வண்டியில் இரண்டுக்கும் நடுவே அரை இன்ஜின் நீளம் தூரம் இருந்தது.

முதலில் வண்டியைப் பற்றி. எம்ஜிபி இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால், இன்றும் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இது 1967ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், மார்க் ஒன்று. 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின், இரட்டை எஸ்யு கார்புரேட்டர், ஓவர்டிரைவ் (வேகமான ஓட்டத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1964 அக்டோபர் வரை வந்த எம்ஜிபி இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்டுக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு, தாங்கலாக மூன்று மெயின் பேரிங்தான். அவற்றில் பின்பக்கம் ரப்பர் சீல் என்று எதுவும் கிடையாது. கிராங்கின் பின்முனையில் திருகுபோல ஒரு வரி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த வரி ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். வண்டியை நிறுத்தினால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். அதன்பிறகு வந்த ஐந்து பேரிங் இன்ஜினில் பின்பக்கம் முறையான லிப் சீல், அதாவது தண்டை விளிம்பால் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையம், வந்துவிட்டது. "எம்ஜி என்றாலே பின்னால் ஒழுகும்" என்ற பெயர் பழைய இன்ஜின் சம்பாதித்தது. புதிய இன்ஜின் மீதும் அதையே ஒட்டிவிட்டார்கள். நம் வண்டியில் இருப்பது ஐந்து பேரிங் இன்ஜின்.

சொந்தக்காரர் சொன்னது

அவர் கோடைகாலத்தில் மட்டும் ஓட்டுபவர். குளிர்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் நிற்கும். நின்றே கெட்டுப்போகக் கூடாது என்று அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். இந்த ஒரு பழக்கம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

புகார் மூன்று. நிறுத்திய இடத்தில் உள்ளங்கை அளவு ஆயில் கறை. சிக்னலில் நிற்கும்போது பானட்டுக்குள்ளிருந்து ஆயில் கருகும் வாடை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டிப்ஸ்டிக்கில் அளவு கண்ணில் படும்படி இறங்குவது. ஏற்கெனவே கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றப்பட்டிருந்தது. அந்தத் திரவம் காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து மென்மையாக்கும், அவ்வளவுதான். மூடிகளின் விளிம்பில் ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் கேஸ்கட்டை அது ஒன்றும் செய்யாது. இந்த இன்ஜினின் மூடிகளில் பெரும்பாலும் கார்க்தான்.

ஆயில் பிரஷரில் குறை இல்லை. சூடான பிறகு ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 20. மேனுவல் சொல்வது ஓட்டத்தில் 50 முதல் 80, ஐட்லிங்கில் 10 முதல் 25. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் 150 பிஎஸ்ஐயை ஒட்டி வந்தது, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது பிஸ்டன் ரிங்குகள் நன்றாகவே இருக்கின்றன. இன்ஜின் தேய்ந்துபோனதால் ஒழுகவில்லை.

பின்சீல் மீது சந்தேகம் வந்த இடம்

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடுதான் பெல் ஹவுசிங். எம்ஜிபி-யில் அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஒரு ஸ்பிளிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஊசி) தளர்வாகத் தொங்கும். வண்டி அதிரும்போது பின்னும் ஆடி, துளை அழுக்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த எளிய ஏற்பாடு இது. பின்சீலில் இருந்தோ கியர்பாக்ஸின் முன்சீலில் இருந்தோ உள்ளே வடியும் ஆயில் வெளியேற இருக்கும் வழி இதுதான். ஆகவே பின்சீல் போயிருந்தால் சொட்டு அந்தப் பின்னின் நுனியில் தொங்க வேண்டும்.

நான் பார்த்தபோது பின் கறுத்திருந்தது, ஆனால் விரலால் தடவினால் பெரிதாக ஒட்டவில்லை. சொட்டு தொங்கியது அதற்குக் கொஞ்சம் முன்னால், இன்ஜினின் பின்தட்டு விளிம்பில். அதுவும் நடுவில் இல்லை, இடதுபக்கம் தள்ளி. அந்தச் சிறிய இடைவெளிதான் இந்த வேலையின் போக்கையே மாற்றியது.

ஆயில் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். இன்ஜினின் எந்த மூலையில் ஒழுகினாலும் கடைசியில் வந்து சேரும் இடம் பெல் ஹவுசிங்தான். இன்ஜினின் உச்சி மூடியான ராக்கர் கவரின் பின்விளிம்பில் கசிந்தாலும் அங்கேதான். ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் ஹோஸின் இணைப்பில் கசிந்தாலும் அங்கேதான். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் பின்பக்க கார்க், இன்ஜின் பக்கவாட்டு மூடிகள், எல்லாவற்றுக்கும் முடிவிடம் ஒன்றே. போதாக்குறைக்கு, இந்த வருட எம்ஜிபி-யின் கியர்பாக்ஸிலும் ஓவர்டிரைவிலும் ஊற்றுவது இன்ஜின் ஆயிலையேதான். வேறு வண்டிகளில் கியர் ஆயிலின் காட்டமான வாடையை வைத்து எது எது என்று பிரித்துவிடலாம். இதில் முகர்ந்து பார்த்துப் பயனில்லை.

கழுவு, சாயம் போடு, ஓட்டு

கசிவு தேடும் வேலையில் பாதி கழுவுவதுதான். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் பின்னால் தேவையில்லாமல் இன்ஜினை இறக்குகிறார்கள். பல வருட ஆயிலும் தூசியும் சேர்ந்து தார்போல் கெட்டியாகி இன்ஜினின் இடதுபக்கம் முழுக்கப் படிந்திருந்தது. டிகிரீஸர் அடித்து ஊறவிட்டு, விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஏர் அடித்துக் காயவிட்டோம். டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர் வாய்களையும் முன்கூட்டியே கட்டி மூடியாயிற்று. சம்ப் விளிம்பின் போல்ட் தலைகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. பழைய ஆயில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது சூட்டில் இளகி வடிந்து பொய்ச்சாட்சி சொல்லும்.

அடுத்து, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம். இன்ஜின் ஆயிலில் மட்டும் கலந்தோம், கியர்பாக்ஸில் கலக்கவில்லை. பெல் ஹவுசிங் துளையில் வரும் ஆயில் ஒளிர்ந்தால் அது இன்ஜினுடையது, ஒளிராவிட்டால் கியர்பாக்ஸுடையது. இரண்டிலும் ஒரே ஆயில் இருக்கும் வண்டிக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வண்டியை நன்றாகச் சூடேறும்வரை, மேடுபள்ளமும் நெடுஞ்சாலையும் கலந்த வழியில் ஓட்டினோம். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டுப் பார்ப்பது போதாது. பல கசிவுகள் ஆயில் சூடாகி இளகிய பிறகு, லோடு ஏறும்போதுதான் வாய் திறக்கும்.

திரும்பி வந்ததும் ஒர்க்ஷாப் விளக்குகளை அணைத்துவிட்டு, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தோம். ராக்கர் கவர் சுற்றிலும் இருட்டு. வலதுபக்கம் பிரஷர் ஹோஸ், ஃபில்டர் இரண்டும் இருட்டு. முன்பக்க டைமிங் கவரில் மங்கலாக ஒரு சிறு புள்ளி. இடதுபக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எரிந்த வாயுவை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) அடியில் விளக்கைக் கொண்டுபோனதும் பச்சை கலந்த மஞ்சளில் ஒரு கோடு தெரிந்தது. பின்பக்க சைடு கவரின் கீழ்விளிம்பில் தொடங்கி, பிளாக்கின் பக்கவாட்டில் இறங்கி, சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடி, பின்தட்டின் இடது மூலையில் சொட்டாகத் திரண்டிருந்தது. கருகல் வாடைக்கும் விடை கிடைத்தது. ஆயில் வெளிவரும் இடத்தின் நேர் மேலேயும் பின்னாலேயும் எக்ஸாஸ்ட் குழாய்கள்.

பி-சீரிஸ் பார்க்காதவர்களுக்கு: இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் பக்கவாட்டில் படுத்திருக்கும். அதன் அசைவை மேலே வால்வுகளுக்குக் கடத்தும் டேப்பட்டுகள் இருக்கும் அறையை வெளியிலிருந்து இரண்டு தகட்டு மூடிகள் அடைக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட், சுற்றிலும் கார்க் கேஸ்கட். இவற்றைத்தான் சைடு கவர் என்கிறேன். முன்மூடியோடு சேர்ந்து ஒரு தகரக் குழலும் இருக்கும். அதைப் பற்றி இப்போது பார்ப்போம்.

கேஸ்கட் மாற்றினால் போதுமா

போதாது என்பதுதான் என் எண்ணம். முன்பு பார்த்தவர்கள் அதே போல்ட்டை இறுக்கி, மேலே சிலிக்கான் பேஸ்ட்டும் பூசியிருந்தது தெரிந்தது. அப்படியும் ஏன் ஒழுகியது என்று கேட்காமல் புதிய கார்க் போட்டால், அடுத்த கோடையில் வண்டி திரும்ப வரும்.

எந்த இன்ஜினிலும் கொஞ்சம் எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த கேஸ்கட் பலவீனமோ அதன் வழியாக ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். 1967 எம்ஜிபி-யில் இதற்கான ஏற்பாடு இப்படி: ராக்கர் கவரின் ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள ஃபில்டர் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே போகும். முன்பக்க சைடு கவரின் தகரக் குழல் வாயுவையும் ஆயில் துளிகளையும் பிரிக்கும். அங்கிருந்து ஒரு ஹோஸ் இன்லெட் மேனிஃபோல்டின் மேல் உட்கார்ந்திருக்கும் வால்வுக்குப் போகும். வால்வுக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம் உண்டு. இன்ஜின் தன் வாயுவைத் தானே உறிஞ்சி எரித்துவிடும்.

இதைச் சோதிக்க மேனுவலே ஒரு வழி சொல்கிறது. சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். ஏற்பாடு சரியாக வேலை செய்தால் ஆர்பிஎம் ஏறத்தாழ 200 கூடும், காதிலேயே கேட்கும். இந்த வண்டியில் திறந்தோம், மூடினோம், திரும்பத் திறந்தோம். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அளந்தும் பார்த்தோம். டிப்ஸ்டிக் துளையில் ஒரு ஒளிபுகும் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை யு வடிவில் வளைத்து, அதில் கலர் தண்ணீர் ஊற்றி ஒரு பலகையில் கட்டிவைத்தால் போதும், செலவே இல்லாத மானோமீட்டர். ஐட்லிங்கில் உள்ளே லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும். இங்கே தண்ணீர் அதற்கு எதிராக, குழாயின் திறந்த பக்கம் மூன்று சென்டிமீட்டர் போல ஏறி நின்றது, அதாவது உள்ளே அழுத்தம். ஆர்பிஎம் கூட்டினால் இன்னும் ஏறியது. கார்க் தோற்றது இந்த அழுத்தத்திடம்தான்.

ஹோஸைக் கழற்றி முன்மூடியின் குழலுக்குள் ஊதிப் பார்த்தால் காற்று போகவே இல்லை. இங்கேதான் அந்தக் குளிர்கால ஸ்டார்ட்டிங் பழக்கம் வருகிறது. பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து, வெண்மையும் பழுப்புமான களிம்பாக மாறும். அது முதலில் போய் உட்காரும் இடம் இந்தக் குழலுக்குள் இருக்கும் கம்பி வலை. நின்றுகொண்டே இருக்கும் வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று நல்ல மனதோடு செய்ததே அடைப்பாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் வெளியே எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமலே விடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

கழற்றியதும் கண்டதும்

பேட்டரி இணைப்பை முதலில் எடுத்தோம். இந்த வருட வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலையில் இதை மறக்கக் கூடாது. கார்புரேட்டர்கள், வெப்பத் தடுப்புத் தகடு, அப்புறம் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே ஸ்டட்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் மேனிஃபோல்டு. எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்திலுள்ள பித்தளை நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் விட்டிருந்ததால், ஸ்டட் ஒன்றும் உடையாமல் வந்தன. பின்பக்க சைடு கவரை மேனிஃபோல்டைக் கழற்றாமல் கையை நுழைத்து மாற்ற முயற்சி செய்பவர்கள் உண்டு. மூடி வந்துவிடும், ஆனால் பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்ய முடியாது, கேஸ்கட் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவும் முடியாது.

கையில் எடுத்த மூடியைப் பார்த்தாலே கதை புரிந்தது. நடுப்போல்ட்டை மீண்டும் மீண்டும் இறுக்கியதில் தகடு நடுவில் குழிந்து, ஓரங்கள் வெளிப்பக்கம் மலர்ந்திருந்தன. இரும்பு ஸ்கேலை விளிம்பில் வைத்தால் கீழ்ப்பக்கம் அடியில் வெளிச்சம் தெரிந்தது. கார்க் ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கி உள்ளே பிதுங்கி, மறுபக்கம் சுருங்கிக் காய்ந்து, தொட்டதும் பொடிந்தது. போல்ட் தலைக்கு அடியிலிருந்த சீலும் கல்லாகிவிட்டிருந்தது. பலர் இந்தச் சின்ன சீலை மறந்துவிடுகிறார்கள். மூடியைச் சுற்றி எவ்வளவு நன்றாக அடைத்தாலும் இதன் வழியாகவும் ஆயில் வரும்.

டேப்பட் அறைக்குள் படிந்திருந்த களிம்பை வழிக்கும் முன், கீழே ஆயில் இறங்கும் துளைகளில் பஞ்சு உதிராத துணியை அடைத்தோம். எத்தனை துணி உள்ளே போனது என்று எண்ணி, வெளியே எடுக்கும்போது திரும்ப எண்ணியாக வேண்டும். பிளாக்கின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்தோம்.

சரிசெய்தது

இரண்டு மூடிகளின் விளிம்பையும் தட்டையான இரும்புப் பாளத்தில் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நேராக்கினோம். நடுவிலிருந்த குழியை உள்ளிருந்து வெளியே தட்டி எடுத்தோம். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் எங்கும் தெரியாமல் போகும்வரை இது நடந்தது. பொறுமை வேண்டிய வேலை. புதிய மூடியும் கிடைக்கும், ஆனால் பழைய தகடு கெட்டியானது, காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுவதே என் விருப்பம்.

முன்மூடியின் குழலைப் பிரிக்க முடியாது. மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவிட்டுக் குலுக்கிக் கொட்டினால், காபிக் கசடு நிறத்தில் கட்டிகட்டியாக வந்தது. தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றி, ஏர் அடித்தோம். வால்வைப் பிரித்தால் டயஃப்ரத்தில் கிழிசல் இல்லை, ஆனால் விறைத்திருந்தது. புதிது போட்டோம். ஆயில் ஊற்றும் மூடியைச் சுத்தம் செய்ய வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். மேனுவல்படி 12,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, யாரும் மாற்றுவதில்லை.

கேஸ்கட்டுக்கு நல்ல தடிமனான கார்க்கையே எடுத்துக்கொண்டோம். ரப்பரிலும் கிடைக்கிறது, ஆனால் நேராக்கிய பழைய மூடியின் சிறு மேடுபள்ளத்துக்குக் கார்க் நன்றாக இணங்கிப்போகும். கார்க்கை மூடியின் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சில் ஒட்டி, எடை வைத்துக் காயவிட்டோம். பிளாக்கின் பக்கம் பசை கிடையாது, லேசாக கிரீஸ் மட்டும். அடுத்தமுறை கழற்றுபவர் கார்க்கைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியம் வராது. போல்ட்டுக்குப் புதிய சீல். இறுக்கம் விஷயத்தில் கையை அடக்க வேண்டும். விரலால் முடிந்தவரை திருகிவிட்டு, சின்ன ஸ்பேனரால் கார்க் லேசாக அமுங்குவது தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். ஒழுகுகிறது, இன்னும் கொஞ்சம் இறுக்கு என்ற எண்ணம்தான் இந்த மூடியைக் கெடுத்தது.

மேனிஃபோல்டுக்குப் புதிய கேஸ்கட், புதிய ஆயில் ஃபில்டர், 20டபிள்யூ-50 ஆயில். ஃபில்டரோடு சேர்த்து நாலேகால் லிட்டர் பிடித்தது.

பிறகு

ஸ்டார்ட் செய்து சூடேறியதும் முதலில் பார்த்தது கசிவை அல்ல, தண்ணீர்க் குழாயை. ஐட்லிங்கில் தண்ணீர் இந்தமுறை இன்ஜின் பக்கம் ஏறியது, அதாவது உள்ளே உறிஞ்சல். ஆயில் மூடியைத் திறந்தால் ஆர்பிஎம் துள்ளிக் கூடியது. இது சரியாக இருந்தால் கார்க்கின் ஆயுளைப் பற்றிக் கவலை இல்லை.

புதிய ஆயிலிலும் சாயம் கலந்து, வண்டியைச் சொந்தக்காரர் வழக்கம்போல் சில வாரம் ஓட்டினார். திரும்பக் கொண்டுவந்தபோது இடதுபக்கம் முழுக்க உலர்ந்திருந்தது. டைமிங் கவரில் இருந்த மங்கல் புள்ளி பெரிதாகவில்லை. ஸ்பிளிட் பின்னின் நுனியில் மட்டும் கடுகளவு ஒரு துளி, விளக்கில் ஒளிர்ந்தது. ஆகவே அது இன்ஜின் ஆயில்தான். பின்சீலும் வயதாகிக்கொண்டிருக்கிறது, முதலில் பார்த்தவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

அதற்காக இப்போது இன்ஜினை இறக்கச் சொல்லவில்லை. எம்ஜிபி-யில் கியர்பாக்ஸை மட்டும் அடியில் கழற்றி எடுக்க வழியில்லை. இன்ஜினைத் தனியாகவோ, இரண்டையும் சேர்த்தோ மேலே தூக்கித்தான் ஆகவேண்டும். டிப்ஸ்டிக்கில் அளவு அசையாத, கிளட்ச் வழுக்காத நிலையில் கடுகளவு துளிக்காக அந்த வேலை தேவையில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்து எப்படியும் இன்ஜின் வெளியே வரும் நாளில் பின்சீல், கியர்பாக்ஸ் முன்சீல், பின்தட்டு கேஸ்கட் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். இங்கிலாந்தில் நாற்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. வேறு யாரும் அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை என்பதால், மாதம் ஒருமுறை ஸ்பிளிட் பின்னைத் துடைத்துவிட்டு அடுத்த நாள் பார்க்கும்படி சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். துளி பெரிதானாலோ, கியர் போட்டு வேகம் எடுக்கும்போது இன்ஜின் மட்டும் உறுமி வண்டி பின்தங்கினாலோ, அப்போது இன்ஜினை இறக்குவோம்.